கல்மண்டபத்துத் தராசும் என் சந்தேகமும்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இருபத்திரண்டு வயதில் நான் கைக்குழந்தைகளைக்கூடச் சந்தேகப்பட்டவன்.

அறுபதுகளின் கடைசி. ஒரு கல்லூரியும் துறைமுகத்துப் பக்கம் கல்மண்டபம் பகுதியிலிருந்த தாய்சேய் நிலையமும் சேர்ந்து ஓர் ஆய்வு தொடங்கின. எடை குறைந்த குழந்தைகளுக்குப் பால் பவுடர் கொடுத்து, வாராவாரம் நிறுத்துப் பார்க்க வேண்டும். எடை தேறிய குழந்தைக்குப் பால் நின்று, வேறொரு குழந்தைக்குப் போகும். நிறுத்து எழுதும் வேலை எனக்கு. "யார் சொல்வதையும் அப்படியே எழுதிவிடாதே, சரிபார்" என்றார் பேராசிரியர். (அவர் சொன்னது ஆராய்ச்சிக்கு. நான் போலீஸ் உத்தியோகம் கிடைத்ததாக எடுத்துக்கொண்டேன்.)

பால் நின்றுவிடக் கூடாதென்று தாய்மார்கள் ஏதாவது தில்லுமுல்லு செய்வார்கள் என்பது என் தீர்மானம். போன வாரம் வந்த அதே குழந்தைதானா என்று மச்சம் பார்த்துக் குறித்தேன். காலையில் வேண்டுமென்றே பட்டினி போட்டீர்களா என்று விசாரித்தேன். அவர்களும் என்னை லேசில் விடவில்லை.

"இன்னாத்துக்குபா மச்சம்லாம் எய்திக்கினு கீற? புள்ளைங்கள கப்பல்ல ஏத்தவா?"

தராசை நிலையத்தில் விட்டுவைக்கவும் மனம் ஒப்பவில்லை. யாராவது கை வைத்துவிட்டால்? ஸ்பிரிங் தராசைச் சைக்கிள் கைப்பிடியில் மாட்டி, அதன் கொக்கியிலேயே பதிவேட்டுப் பையையும் சாப்பாட்டுக் கேரியரையும் தொங்கவிட்டு, தினமும் திருவொற்றியூரிலிருந்த என் வீட்டுக்கும் கல்மண்டபத்துக்கும் ஓட்டினேன். சாலையில் பள்ளத்துக்குப் பஞ்சமில்லை.

இரண்டாம் மாதம் ஒரே நாளில் எட்டுக் குழந்தைகள் எடை தேறிவிட்டன. எல்லாம் என் கண்காணிப்பின் மகிமை என்று பூரித்து, எட்டு பேருக்கும் பாலை நிறுத்தினேன்.

இரண்டு வாரம் கழித்து ஸ்டெல்லா வந்தார். மார்க்கெட்டில் மீன் விற்பவர். அந்த எட்டில் ஒன்று அவர் பிள்ளை. கூடையைத் தொப்பென்று இறக்கினார்.

"இன்னா நைனா, எம்புள்ள எலும்பும் தோலுமா கீது. நீ எடை ஏறிக்கீதுன்ற?"

"தராசு பொய் சொல்லாதும்மா. மனுஷங்கதான் சொல்வாங்க" என்றேன், கூடியிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

அவர் கூடையிலிருந்து ஒரு வஞ்சிரத்தை எடுத்துக் குழந்தையை நிறுத்தும் துணித் தூளியில் கிடத்தினார்.

"கரையில நிறுத்து வாங்கினது. மூணு கிலோ. படி!"

முள் நாலைத் தாண்டி நின்றது.

"கரைத் தராசு தப்பாயிருக்கும்" என்றேன். (அப்போதும் அடங்கவில்லை, பாருங்கள்.)

முத்திரை குத்திய இரண்டு கிலோ எடைக்கல் ஒன்றும் கூடையில் இருந்தது. அதை மாட்டினார். இரண்டே முக்கால்.

"எல்லாத்தியும் எய்துவியே, மீன எய்து!"

நான் எழுதிக்கொண்டிருந்தபோது பேராசிரியரும் நிலையத்து டாக்டரம்மாவும் உள்ளே வந்தார்கள். பேராசிரியர் பதிவேட்டை வாங்கி உரக்கப் படித்தார்: "பெயர், வஞ்சிரம். தாயார் பெயர், ஸ்டெல்லா. எடை, நாலு கிலோ. உடல்நிலை, நன்று."

பெண்கள் போட்ட சிரிப்பு துறைமுகம் வரை கேட்டிருக்கும். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "எத்தனை பேருக்குப் பாலை நிறுத்தினே?"

"எட்டு."

"தராசை எதில் எடுத்துட்டுப் போறே?"

சொன்னேன். "அத்தனை கனத்தையும் தொங்கவிட்டுக் குலுக்கினா ஸ்பிரிங் இளகாம என்ன செய்யும்?" என்றார்.

அன்றே பால் டின்களோடு எட்டு வீடுகளுக்கும் நடந்தேன். கடைசி வீட்டில் ஒரு பெண் குழந்தை. தூக்கிப் பார்த்தேன். ஒரு துண்டைத் தூக்கின மாதிரி இருந்தது. அதன் அம்மா டின்னை வாங்கிக்கொண்டு, "குந்து, டீ குடிச்சிட்டுப் போ" என்றார். அந்தக் குழந்தை தேற இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை எனக்கும் சோறு சரியாக இறங்கவில்லை.

பேராசிரியர் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. புதிய தராசு வந்தது. ஒவ்வொரு வாரமும் ஸ்டெல்லா தன் கல்லை மாட்டிச் சரிபார்த்த பிறகுதான் முதல் குழந்தை. தாய்மார்கள் இரண்டு பேர் முள்ளைப் பார்த்து எடையைச் சொல்வார்கள், நான் எழுதுவேன். அவர்கள் நிலையத்தை நம்பத் தொடங்கியது அதற்கப்புறம்தான். என்னை நம்ப இன்னும் ஒரு வருடம் பிடித்தது.

இந்தக் கதையைக் கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். அவள் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாள். இப்போதும் வீட்டில் வஞ்சிரம் வறுத்தால், என் மகள் முதல் துண்டை என் தட்டில் வைத்துவிட்டு, சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டு கேட்பாள்:

"அப்பா, இதோட அம்மா பேர் என்னன்னு எழுதிக்கட்டும்?"