மின்சாரம் போனால் லிஃப்ட் விழாது, அத்தான்

கர்த்தருக்குள் அன்பான அத்தானுக்கு,

மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் அதைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருக்க ஆண்டவர் அருள்புரிவாராக. ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நேரில் வந்து பேசினால் நான் பாதி சொல்வதற்குள் "சரி மாப்ளே, இதை ஜெபத்துல வெச்சிடுவோம்" என்று கண்ணை மூடிவிடுகிறீர்கள். போனில் பேசினால் ஆமென் சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைக் கண்ணைத் திறந்துதானே படித்தாக வேண்டும்? எனவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மின்சாரம் போனால் லிஃப்ட் விழாது.

எனக்கு இன்னும் அதிர்ச்சி தெளியவில்லை அத்தான். "விசுவாசமும் அன்றாட வாழ்வும்" என்று நீங்கள் வாராவாரம் பிரசங்கித்து வருகிறீர்கள் அல்லவா, அதில் போன மாதம் ஒரு ஞாயிறு எனக்கு வேலை இல்லாததால் நானும் அம்மாவோடு வந்து உட்கார்ந்திருந்தேன். "நம்ம மச்சினன் லிஃப்ட் இன்ஜினியர், அவரே சொன்னது" என்று ஆரம்பித்தீர்கள். "லிஃப்ட்டைப் பிடிச்சிருக்கிறது எது? மின்சாரம்! மின்சாரம் போன அடுத்த நொடி எங்க போகும்? பாதாளத்துக்கு! ஜெபம் போன அடுத்த நொடி மனுஷன் எங்க போவான்?" என்று நீங்கள் கையை மேலிருந்து கீழே இறக்க, சபை மொத்தமும் ஐயோ என்றது. நான் எழுந்து நின்றேன். ஜெபிக்க எழுந்தேன் என்று நினைத்துப் பின்னால் இருந்தவர்களும் எழுந்துவிட்டார்கள். அதன் பிறகு நீங்கள் என்ன பேசினீர்கள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது, என் காதில் ஒன்றும் ஏறவில்லை. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவையும் இரண்டு ஸ்பூனையும் வைத்து நான் விளக்கியது இதுவா? ஸ்பூன் இரண்டும் பிரேக், டப்பா உருளை. ஸ்பிரிங் எப்போதும் பிரேக்கை உருளைமேல் அழுத்திக்கொண்டே இருக்கும், மின்சாரம் வந்தால்தான் விலகும், போனால் கப்பென்று பிடித்துக்கொள்ளும் என்று படித்துப் படித்துச் சொன்னேனே. நீங்களும் தலையாட்டினீர்களே. குழம்புக்குத் தலையாட்டியிருக்கிறீர்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

அடுத்த ஞாயிறு கோயிலுக்குக் கிளம்பு என்றால் அம்மா, "லிஃப்ட்டுன்னாலே பயமா இருக்குடா, படியில இறங்கலாம்னா முட்டி கேக்காது" என்று நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆறாவது மாடியிலேயே அடைந்து கிடக்கிறாள். ஒரு ஞாயிறு தவறாத மனுஷி, ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டால் எனக்கு வேலையே ஓடவில்லை. இதற்குள் உங்கள் சபையைச் சேர்ந்த மூன்றாம் மாடி டீச்சர் வீடுவீடாகப் போய் எச்சரித்திருக்கிறார். எங்கள் குடியிருப்புச் செயலாளர், நல்ல கனத்த மனிதர், லிஃப்ட் தரையைத் தொடும் நொடியில் குதித்துவிட்டால் அடிபடாது என்று எங்கேயோ கேள்விப்பட்டு, அது எந்த நொடி என்று தெரியாததால் ஏறியதிலிருந்தே குதித்துக்கொண்டு போயிருக்கிறார். அந்த ஆட்டத்தில் பாதுகாப்பு சுவிட்ச் விழுந்து லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றது. நான்தான் போய் இழுத்து வெளியே விட்டேன். வந்தவர் நன்றி சொல்லவில்லை, "பாத்தீங்களா தம்பி, போதகர் சொன்ன மாதிரியே ஆயிடுச்சு" என்றார். சார், விழவில்லையே, நின்றுதானே போனது என்றேன். "இன்னைக்கு நின்னுச்சு" என்றார். அவர் என் மேனேஜரிடம் வேறு புகார் சொல்லிவிட, அந்த மனுஷன் என்னைக் கூப்பிட்டு, "ஏம்பா, நம்ம லிஃப்ட்டு கரண்ட்டு போனா விழும்னு உன் குடும்பத்துலயே பிரச்சாரம் பண்றாங்களாமே?" என்று கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பொறுக்கமுடியாமல் எல்லோரையும் கீழே கூட்டிவைத்து, நானே லிஃப்ட்டுக்குள் ஏறி, நடுவழியில் போகும்போது மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். அணைத்தார்கள். கும்மிருட்டு. ஒரு அங்குலம் அசையவில்லை. "பாருங்க! விழல! விழல!" என்று உள்ளேயிருந்து கத்தினேன். வெளியே வந்தால் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தம்பி உள்ள என்னமா ஜெபம் பண்ணியிருந்தா அப்படியே நின்னிருக்கும்!" என்கிறார். கூட்டம் ஆமென் என்றது. நான் உள்ளே செய்தது ஒன்றே ஒன்று, மூக்கைச் சொறிந்தேன். யார் நம்புகிறார்கள்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு எடை தொங்குகிறது. பெட்டியில் ஆள் குறைவாக இருந்து பிரேக்கும் விட்டுவிட்டால் பெட்டி மேலேதான் போகும். உங்கள் கணக்குப்படி பாதாளம், இயற்பியல்படி பரலோகம். அதைக்கூட விடுங்கள். கையில் இருந்த நல்ல உதாரணத்தைத் தலைகீழாக்கிவிட்டீர்களே என்பதுதான் என் ஆத்திரம். நாம் ஜெபிக்க மறந்த நேரத்திலும், இருட்டிலும், நம்மைப் பிடித்துக்கொள்கிற ஒன்று இருக்கிறது என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். நானே ஆமென் சொல்லியிருப்பேன். அதை விட்டுவிட்டு, விழுந்துவிடுவாய் விழுந்துவிடுவாய் என்று பயமுறுத்தி என்ன கண்டீர்கள்?

ஆகவே வருகிற ஞாயிறு மேடையில் நின்று, பிரேக்கைப் பற்றிச் சொன்னது தவறு என்று திருத்திச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் உருளை, ஸ்பிரிங் சகிதம் நானே மேடைக்கு வருவேன். அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளின் கன்னத்தை என் சார்பில் ஒருமுறை கிள்ளவும். உங்கள் ஊழியம் தழைக்கட்டும், உதாரணங்கள் குறையட்டும்.

இப்படிக்கு,
பணிவும் கோபமும் கலந்த
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையும் ரத்து. கடிதத்தை உங்கள் வீட்டில் போட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். இன்று ஞாயிறு; வேலையை மாற்றிக்கொண்டு அறைக் கதவைச் சாத்தி எழுதிக்கொண்டிருந்தது அம்மாவுக்குத் தெரியாது. பொத்தானை அழுத்தினேன். கீழேயிருந்து லிஃப்ட் வந்தது, கதவு திறந்தது, உள்ளே அம்மா! நல்ல சேலை, கையில் வேதாகமப் பை.

"நீ வேலைக்குப் போகலையா?" என்கிறாள் என்னிடம்.

"நீ எங்கம்மா போயிட்டு வர்ற?"

"கோயிலுக்குத்தான். மரக்கடைக்குப் பக்கத்துல சின்னதா ஒண்ணு இருக்குல்ல, அங்க. அந்தப் போதகர் பேசறது பாதி காதுல விழாது. நிம்மதியா இருக்கு."

"லிஃப்ட்டுன்னா பயம்னியே?"

"பெத்த பிள்ளை ரிப்பேர் பாக்கிற லிஃப்ட்டுல எனக்கென்னடா பயம்?"

மூடப்பார்த்த கதவைக் காலால் தடுத்துக்கொண்டு நின்றேன். எந்த இன்ஜினியரும் செய்யக்கூடாத காரியம் அது. மெல்ல மெல்லச் சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன். ஜெபத்தில் நான் தூங்கி வழிந்ததை மாப்பிள்ளை முன்பு மேடையில் சொன்னார், சிரித்துக்கொண்டேன். பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாமல் பிஸ்கட்டை ஒளித்துவைத்ததைச் சொன்னார், அதற்கும் சிரித்தேன். ஆனால் அப்பா போன பிறகு ஒரு மாதம் ஆண்டவரோடு பேச்சை நிறுத்தியிருந்தேன் என்று மகளிடம் அழுததையும் அன்றைக்கு மேடையில் சொல்லிவிட்டாரே, "எனக்கு மிக நெருங்கிய ஒரு தாய்" என்றாரே, சபையே திரும்பிப் பார்த்ததே என்றாள். லிஃப்ட்டுக்கு அடுத்தபடியாக அதைத்தான் சொன்னீர்களாமே. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் பிரேக்கை நினைத்துக் கொதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"விசுவாசம் அவரோடது, அன்றாட வாழ்வு மட்டும் என்னோடதாடா?" என்றாள். பிறகு, "ஏன்டா, கரண்ட்டு போனாலும் அது பிடிச்சுக்கும்னு சொல்லிட்டிருந்தியே, நெசந்தானா?" என்றாள்.

"நெசம்மா."

"அப்ப சரி" என்று வீட்டுக்குள் போய்விட்டாள்.

உங்களிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் கேட்டாள். நான் செய்யவில்லை, அதனால் சொல்கிறேன். பிரேக்கை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் தனியாக வந்து அம்மா எதிரில் உட்காருங்கள். வந்ததும் கண்ணை மூடாதீர்கள். திரும்பிப் போய் அதையும் பிரசங்கத்தில் சொல்லித் தொலைக்காதீர்கள்.