விளக்கை அணைத்தால் மிச்சம் குறையும்

நாட்டின் மின்சாரத்தைக் காப்பாற்றும் மாபெரும் பொறுப்பு, ஓர் அரசு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், கழிவறையை ஒட்டிய அறையில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. மேசைப் பலகையில் 'சிக்கன அலுவலர்' என்று போட்டிருந்தது. மற்றவர்கள் அவரை 'மிச்சம்' என்றார்கள். "மிச்சம் வந்தாச்சா?" "மிச்சம் சாப்பிடப் போயிருக்கு." அவர் காதிலும் இது விழும். இந்தப் பதவிக்குத் தன்னிடம் என்ன தகுதியைக் கண்டார்கள் என்று அவரே பலமுறை யோசித்ததுண்டு. ஆளைத் தேர்ந்தெடுத்த அன்று மற்றவர்கள் எல்லாரும் லீவு என்பதைத் தவிர வேறெதுவும் பிடிபடவில்லை.

குண்டு பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி விளக்கை மாட்ட வேண்டும். வேலை அவ்வளவுதான். குண்டு பல்பு அறுபது வாட், எல்இடி ஒன்பது வாட். அறை அறையாக மாற்ற மாற்ற, சுவரில் தொங்கிய வரைபடத்தில் மிச்சக் கோடு கிடுகிடுவென்று ஏறியது. கடைசி அறையும் முடிந்த மாதம் கோடு படுத்துவிட்டது.

இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்.

"என்னய்யா, மிச்சம் ஏறவே இல்லை?"

"எல்லா பல்பையும் மாத்தியாச்சு, சார். இனிமே மாத்த ஒண்ணுமில்லை."

"அப்போ உங்க பிரிவு மட்டும் எதுக்கு? அடுத்த மாசமும் ஏறலைன்னா கீழே பழைய சாமான் கிடங்குக்குப் போயிடுங்க. அங்கே ஒரு நாற்காலி காலியா இருக்கு."

தரைக்குக் கீழே இருந்த அந்தக் கிடங்குக்குப் போனவர்கள் மேலே வந்ததாகச் சரித்திரம் இல்லை. முன்பு அங்கே இருந்தவர் ஓய்வுபெற்றதே வெகுநாள் கழித்துத்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. மாமனார் வீட்டில் வேறு 'அலுவலர்' என்று பெருமை பீற்றியாகிவிட்டது.

அன்று முழுக்க விதிமுறைகளைப் புரட்டினார். ஒரு விளக்கின் மிச்சம் என்பது ஐம்பத்தொரு வாட்டை அது எரிந்த நேரத்தால் பெருக்கிவரும் தொகை என்று அதில் இருந்தது. மனிதருக்குப் பொறி தட்டியது. எரிந்தால்தானே மிச்சம்? அணைந்து கிடக்கும் விளக்கு சல்லிக்காசு மிச்சம் பிடிப்பதில்லையே!

எலெக்ட்ரீஷியனை அழைத்தார். "இனிமே எந்த லைட்டையும் அணைக்கக் கூடாது."

"ராத்திரியிலுமா, சார்?"

"ராத்திரியில மிச்சம் பிடிக்கக் கூடாதுன்னு சட்டமா?"

"ஆளே இருக்க மாட்டாங்களே."

"ஆள் இல்லாதப்பவும் நமக்காக மிச்சம் பிடிக்குது பாரு, அதான்யா எல்இடி."

"பில் ஏறுமே, சார்?"

"பில் வேற பிரிவு."

'விளக்கை அணைத்து விரயம் செய்யாதீர்' என்று மாடிக்கு மாடி அறிவிப்பு ஒட்டப்பட்டது. கோடு எழுந்து உட்கார்ந்தது. அடுத்து, விளக்கே இல்லாத இடங்களிலும் மாட்டச் சொன்னார்: மாடிப்படிக்கு அடியில், பீரோவுக்குள்ளே, கிடங்கில், கொல்லைப்புற மரத்தில்.

"பழைய பல்புக்குப் பதிலாத்தானே சார் மாட்டணும்? மரத்துல ஏது பல்பு?"

"முதல்ல குண்டு பல்பை மாட்டு. அப்புறம் கழட்டு."

இருந்தது ஒரே ஒரு குண்டு பல்பு. அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு எலெக்ட்ரீஷியன் ஊர்வலம் போனார். அந்த ஒற்றை பல்பு முந்நூறு இடங்களில் பணியேற்று முந்நூறு முறை ஓய்வுபெற்றது. மிச்சத்தை மேடையேற்றிப் பாராட்டினார்கள். அவரும் அன்று பெருமை தாங்காமல் வீட்டில் எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டுப் படுத்தார்.

மறுவாரம் இயக்குநர் மீண்டும் அழைத்தார். "மிச்சம் பிடிச்ச பணத்தை எடுத்துட்டு வாங்க. புதுக் கட்டடம் கட்டணும்."

"பணமா, சார்?"

"கோடிக்கணக்குல மிச்சம்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

"அது... செலவாகாத பணம், சார்."

"செலவாகலைன்னா இருக்கணுமே!"

இந்தக் கேள்விக்கு விதிமுறைகளில் பதில் இல்லை. உண்மையைச் சொன்னால் கிடங்குதான். பயத்தில் வாய் தானாக உளறியது. "மக்கள்கிட்ட இருக்கு, சார்!"

அந்த உளறல் ஒரே வாரத்தில் ஆணையாக வெளிவந்தது. பொதுமக்கள் தத்தம் இல்லங்களில் எல்இடி எரித்து ஈட்டியுள்ள மிச்சத்தை, எரித்த நேரத்துக்கு ஏற்ப, 'மிச்சக் கட்டண'மாக அரசுக்குச் செலுத்தி நாட்டின் வளர்ச்சியில் பங்குபெற வேண்டும்.

மக்கள் என்ன, காதில் பூ வைத்தவர்களா? பட்பட்டென்று விளக்குகளை அணைத்தார்கள். ஊரே இருண்டது. மின்சாரச் செலவு எவரும் கண்டிராத அளவுக்கு இறங்கியது. கூடவே, ஊர் மிச்சத்துக்கென்று புதிதாகப் போட்ட கோடும் தரையைத் தொட்டது.

"ஊர்ல ஒருத்தன்கூட ஒரு வாட் மிச்சம் பிடிக்கலையேய்யா! நன்றி கெட்ட ஜனங்க!" என்று இயக்குநர் பொரிந்தார்.

"கரண்டே செலவாகலை, சார். இதுதான் சார் நிஜமான மிச்சம்."

"கணக்குல காட்டுங்க."

கணக்கில் காட்ட முடியவில்லை. எரிந்தால்தான் மிச்சம் என்று நிலைநாட்டியவரே அவர்தான். நாடு முதன்முறையாக மின்சாரத்தை மிச்சம் பிடித்த மாதத்தில், மிச்சம் பிடிக்கத் தவறியதற்காகச் சிக்கனப் பிரிவு மூடப்பட்டது.

மாற்றல் உத்தரவோடு வீட்டுக்கு வந்தவர், இருட்டில் முக்காலியில் கால்விரலை இடித்துக்கொண்டு சுவிட்சைத் தடவினார்.

"போடாதீங்க! மிச்சம் ஏறிடும்!" என்று மனைவி அலறினாள்.

"என்னைக் கிடங்குல தூக்கிப் போட்டுட்டாங்க."

ஆறுதலாக ஏதோ சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார்.

"அங்கே லைட் எரியுதா?"

"அது எங்கே அணையுது?"

"அப்போ பொண்ணையும் கூட்டிட்டுப் போங்க. நாளைக்குப் பரீட்சை. இங்கே கண்ணு தெரியாம தவிக்கிறா."

மகளும் அப்பாவுமாகக் கிடங்குக்குப் போனபோது உட்கார இடமில்லை. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். எலெக்ட்ரீஷியனின் மனைவி கிழிந்த சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். மூலையில், பேப்பரால் முகத்தை மறைத்தபடி இயக்குநர். அவர் வீட்டிலும் இருட்டுதான்.

மகள் கணக்கு நோட்டை விரித்துவிட்டுப் பென்சிலைக் கடித்தாள். இங்கேயாவது தன்னால் ஒருவருக்குப் பயன் உண்டு என்று அவருக்கு மனம் நெகிழ்ந்தது.

"கொண்டா, நான் போட்டுத் தரேன்."

அவள் நோட்டைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம்பா. நான் பாஸ் பண்ணணும்."