ஒன்பதாம் பக்கம்

ஒரு காட்டில் ஒரு தாலுகா ஆபீஸ் இருந்தது. சிங்கம் ஆள்கிற இடத்தில் ஆபீஸ் இல்லாமல் இருக்குமா? அதில் மாசிலாமணி என்கிற கரடி எழுத்தராக இருந்தார்.

செங்கமலம் என்கிற ஆமை அங்கே பதினோராவது முறையாக வரிசையில் நின்றாள். ஓடையிலிருந்து அவள் குளத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டித் தர வேண்டும், அவ்வளவுதான் மனு. குளத்தில் இப்போது முழங்கால் அளவுதான் தண்ணீர். ஆமையின் முழங்கால் எவ்வளவு உயரம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கோடையைத் தாண்டாது. மாசிலாமணியோ ஒவ்வொரு முறையும் "மேலும் விவரம் தேவை" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்.

அன்று அவருக்கே ஒரு தலைவலி. முழுதும் படிக்காமல் எந்தக் கோப்பிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்று ராஜா உத்தரவு போட்டுவிட்டார். கோப்பெல்லாம் கம்ப்யூட்டரில். கடைசிப் பக்கம் வரை ஓடினால்தான் கையெழுத்துப் போடும் கட்டம் திறக்கும். செங்கமலத்தின் கோப்பு நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

"இதை எவன் படிக்கிறது?" என்ற கரடி, எழுத்தை வாசித்துச் சொல்லும் மென்பொருளைத் தட்டிவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டார். மூன்றாம் பக்கத்தில் குறட்டை வந்துவிட்டது.

ஹெட்போன் வயர் மேசைக்கடியில் இருந்த எலிப்பொந்தின் வாசலை மறித்துத் தொங்கியது. "வந்து போற வழியில என்னத்தக் கட்டித் தொங்க விட்டிருக்கான்?" என்று எலி அதைப் பல்லால் ஒரு இழு இழுத்தது. வயர் கழன்று, சத்தம் ஸ்பீக்கருக்கு வந்தது. தரையோடு தரையாக நின்ற செங்கமலம் மட்டும் இதைப் பார்த்தாள்.

அந்தக் குரலுக்கு மூச்சும் வாங்கவில்லை, வெட்கமும் இல்லை. இருப்பதை இருந்தபடியே வாசித்தது.

"பக்கம் ஆறு. மனுதாரர் ஆமை. போய்த் திரும்பி வர மூன்று மாதம் ஆகும். ஆகவே அவசரமில்லை. ஒப்பம், மாசிலாமணி."

வரிசை கொல்லென்று சிரித்தது. செங்கமலத்துக்கு அழுகையே வந்துவிட்டது. தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"பக்கம் ஒன்பது. ராஜாவின் ஆணை. வாய்க்கால் வெட்ட அனுமதி வழங்கப்பட்டது."

தலை வெளியே வந்தது. அனுமதி கொடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மீதி நானூற்று மூன்று பக்கமும் மேலும் விவரம்.

கடைசிப் பக்கம் முடிந்து கரடி கண் விழித்தபோது, ஜன்னலில் இருபது முகங்கள் இருந்தன. "ஒன்பதாம் பக்கத்துல இருக்குங்கய்யா" என்றது வரிசையில் நின்ற முயல். கரடி கையெழுத்துப் போட்டார். சாயங்காலமே காட்டுப்பன்றிகள் வாய்க்கால் வெட்ட இறங்கிவிட்டன.

விஷயம் ராஜா காதுக்குப் போனது. "மக்கள் கேட்கக் கோப்பு வாசித்த முதல் ஊழியர் நீதானய்யா" என்று மெச்சி, கரடிக்குப் பரிசு கொடுத்தார். காதை அப்படியே மூடும் புது ஹெட்போன்.

செங்கமலம் வீட்டுக்குப் புறப்படுமுன் முயலின் காதில் என்னவோ சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் வரிசையில் எல்லோர் கையிலும் மனுவோடு ஒரு பொட்டலம் வேர்க்கடலை. மாசிலாமணி ஆசையாகக் கையை நீட்டினார். பொட்டலங்கள் அவரைத் தாண்டி மேசைக்கடியில் போயின.

நீதி: மனுவை யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள், கடலையை எலியிடம் கொடுங்கள்.