முதல் அத்தியாயப் புலி

மனிதரில் ஓர் இனம் உண்டு. தலைவலிக்கிறது என்று நீங்கள் சொன்னால் மாத்திரை தரமாட்டார். வலி என்ற அனுபவத்தை மனித குலம் எப்படிப் புரிந்துகொண்டது என்று எழுநூறு பக்கத்தில் ஒரு நூல் வந்திருக்கிறதே, பார்த்தீர்களா என்பார். வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆகவில்லை என்று வாய்தவறி உளறிவிட்டீர்களோ, போச்சு! குடும்பம் என்ற அமைப்பு தோன்றிய கதையைச் சொல்லும் தடித்த புத்தகத்தின் பெயரும், அதை எழுதியவர் எத்தனை ஆண்டு சிறையில் கிடந்தார் என்ற விவரமும், அது இன்னும் நம் மொழிக்கு வரவில்லையே என்ற பெருமூச்சும் ஒன்றன்பின் ஒன்றாக உங்கள் தலையில் இறங்கும். சண்டை அப்படியே இருக்கும்.

கதை, கவிதை போன்ற சில்லறைகளை இந்த இனம் தொடாது. கடவுள், வரலாறு, சிந்தனை இவற்றில் ஒன்றாவது அட்டையில் இருக்கவேண்டும். அடிக்குறிப்பு இருக்கவேண்டும். தூக்கினால் மணிக்கட்டு வலிக்கவேண்டும். இப்படி ஒருவரை எனக்குத் தெரியவே தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நம்முடைய ஆள் குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எந்தப் பேச்சையும் "அவசியம் படிங்க" என்று முடிப்பதால், அலுவலகத்தில் அவருக்கு 'அவசியம்' என்றே பெயர். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஓர் அம்மாள் முறையிட வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"தண்ணி இல்லாமத்தாம்மா பெரிய பெரிய நாகரிகமே அழிஞ்சிருக்கு. அதப் பத்தி ஒரு புத்தகம்..."

"எங்க தெரு அழியறதுக்குள்ள ஆள அனுப்புங்க சார்."

"அனுப்பறேன். ஆனா அவசியம் படிங்க."

அந்தப் புத்தகத்தில் என்னதான் இருக்கிறது என்று யாராவது கேட்டுத் தொலைத்தால் அவரிடம் இரண்டு பதில்கள் தயார். ஒன்று, "அது சொல்லி விளங்கற விஷயம் இல்ல." இன்னொன்று, "இப்பவே சொல்லிட்டா சுவாரசியம் போயிடும்." மதகுருமார்கள் கூடிக் கூடிப் பேசியதைப் பற்றிய ஆயிரம் பக்க ஆராய்ச்சியில் போவதற்கு என்ன சுவாரசியம் இருக்கிறது? கேட்காதீர்கள். கேட்டால் இன்னொரு புத்தகம் சொல்வார்.

அவரைப் பொய்யர் என்று நினைத்துவிட வேண்டாம். புத்தகத்தை ஆசையாக வாங்குவார். அட்டையைத் தடவுவார், முகர்ந்து பார்ப்பார், பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்து முதல் அத்தியாயத்தை வரிவரியாகப் படிப்பார். படிக்கப் படிக்க மனசு பொங்கும். அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும்போல இருக்கும். எழுந்துபோய்ச் சொல்வார். சொல்லி முடித்ததும் பொங்கியது அடங்கிவிடும். இரண்டாம் அத்தியாயம் எதற்கு? இப்படியே இருபது வருடமாக, கூடத்துச் சுவர் நிறைய, முதல் அத்தியாயம் மட்டும் கன்றிப்போன புத்தகங்கள் சேர்ந்துவிட்டன. மீதிப் பக்கங்கள் கடையிலிருந்து வந்த மேனிக்கு மொடமொடவென்று இருந்தன.

இத்தனை காலமும் அவருக்கு ஒரு குறையும் நேரவில்லை. ஏனென்றால், அவர் சொன்ன புத்தகத்தை ஒரு பிறவியும் படித்ததில்லை. "கண்டிப்பா படிக்கிறேன் சார்" என்று எல்லோரும் சொன்னார்கள். ஒருவரும் திரும்பி வந்து கேள்வி கேட்கவில்லை. யாரும் படிக்கமாட்டார்கள் என்பதில்தான் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. அவர் மதம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்லவேண்டும்.

அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட ஒரு பல் மருத்துவர் வந்து சேர்ந்தார்.

அவசியத்தின் மகளும் பல் மருத்துவரின் மகனும் ஒரே நிறுவனத்தில் கட்டட வரைபடம் போடுகிறவர்கள். அவர்களே பார்த்து, பேசி, முடிவும் செய்துவிட்டார்கள். பெரியவர்களுக்கு மிச்சம் வைத்தது சம்மதம் ஒன்றைத்தான். பல் மருத்துவருக்குக் கீழே மருத்துவமனை, மாடியில் வீடு. அந்த மாடியில் இரு குடும்பமும் கூடியபோது பெண்கள் பத்தே நிமிடத்தில் ஒட்டிக்கொண்டார்கள். அப்பாக்கள் இரண்டு பேரும் வெயிலைப் பற்றி இரண்டு முறை பேசிவிட்டு விழித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட உட்கார்ந்ததும் பல் மருத்துவர் கண்ணை மூடிப் பிரார்த்தித்தார். வீடே சேர்ந்து பிரார்த்தித்தது. அவசியத்துக்குச் சட்டென்று முகம் மலர்ந்தது.

"நீங்க படிக்கவேண்டிய புத்தகம் ஒண்ணு இருக்கு சம்பந்தி. 'மண்டியிட்ட மனிதன்'. பிரார்த்தனையோட வரலாறு. உங்க குடும்பத்துக்குன்னே எழுதினமாதிரி."

முதல் அத்தியாயம் அப்படித்தான் இருந்தது. புயலில் சிக்கிய மகனுக்காகக் கடற்கரையில் ஒரு தாய் மண்டியிட்டிருக்கிறாள். அதைப் படித்தபோது அவசியம் அலுவலகத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டவர். மறுநாளே புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பல் மருத்துவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவரோ ஒருவர் வாயைத் திறந்தால் முன்பல் முதல் கடைவாய்ப்பல்வரை ஒன்றுவிடாமல் தட்டிப் பார்க்கிற மனிதர். புத்தகத்தையும் அப்படியே படித்தார்.

சில வாரம் கழித்துச் சம்பந்தியம்மாள் நேராக அவசியத்தின் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"அந்தப் புத்தகத்த எதுக்குக் கொடுத்தீங்க? அவரு பிரார்த்தனையே பண்றதில்ல. கேட்டா, 'கேக்கறதுக்கு அங்க யாருமில்ல'ங்கறார். கல்யாணத்துல பிரார்த்தனை கூடாதாம், பதிவு பண்ணினா போதுமாம். நான் சொல்லிட்டேன், பிரார்த்தனை இல்லாத கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். நான் வரலன்னா என் மகனும் வரமாட்டான்."

"அது பக்தியப் புகழ்ந்து எழுதின புத்தகமாச்சே!"

"யாரு சொன்னா?"

சம்பந்தியம்மாள் போனபின் மகள் அப்பாவின் எதிரில் வந்து நின்றாள். அழுத முகம்.

"அப்பா, நிஜமா சொல்லுங்க. அத முழுசா படிச்சீங்களா?"

"படிக்கிறதுன்னா... உள்வாங்கிட்டேன்."

"ஆமாமா," என்றாள் மனைவி, "வெளிய வரத்தான் ஒண்ணும் இல்ல."

அவசியம் நூலகத்துக்கு ஓடி இன்னொரு பிரதியை எடுத்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் இரண்டாம் அத்தியாயத்தைத் திறந்தார். முதல் வரியே இதுதான்: 'இதுவரை சொன்னது காலங்காலமாக நம்பப்படுவது, அது ஏன் தவறு என்பதை இனிப் பார்ப்போம்.' வீட்டுக்கு வந்து அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக உருவினார். பேரரசுகளால் உலகுக்கு நன்மையே என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நூல், இரண்டாம் அத்தியாயத்தில் பேரரசுகளைக் கிழித்துத் தொங்கவிட்டது. தண்டனையால்தான் ஒழுக்கம் வரும் என்று மேலதிகாரிக்கே பரிந்துரைத்த நூல், அப்படி நம்புகிறவர்களை மூடர் என்றது. கனமான புத்தகம் எழுதுகிறவர்களுக்கு இது ஒரு பழக்கம் போலிருக்கிறது. எதை உடைக்கப் போகிறார்களோ அதை முதலில் சிங்காரித்து நடுக்கூடத்தில் நிறுத்துகிறார்கள். இவர் அந்தச் சிங்காரத்தைப் பார்த்துச் சொக்கி, இருபது வருடமாக எதிர்க்கட்சிக்கு ஓட்டுக் கேட்டிருக்கிறார்!

வேறு யாராவது என்றால் அன்றோடு திருந்தியிருப்பார். இவரா திருந்துவார்? துயரத்தின் நடுவே ஒரு பிரமாதமான யோசனை உதித்தது. பக்தியைப் புகழ்ந்து தொடங்குகிற நூல் பக்தியை உடைக்கிறது என்றால், பக்தியைத் திட்டித் தொடங்குகிற நூல் என்ன செய்யும்? கூடத்திலேயே ஒன்று இருந்தது. 'சந்தேகத்தின் சாட்சியம்'. முதல் அத்தியாயத்தில் கடவுளுக்கு விழுந்த அடி கொஞ்சநஞ்சமல்ல.

"அத முழுசா படிச்சுட்டுக் கொடுங்க," என்றாள் மனைவி.

"அதுக்கெல்லாம் நேரம் எங்க இருக்கு? கல்யாணம் நெருங்குது."

கொடுத்தனுப்பினார். கணக்கு தப்பவில்லை. இரண்டாம் அத்தியாயத்திலேயே கடவுள் திரும்பி வந்துவிட்டார். பல் மருத்துவரும் பிரார்த்தனைக்குத் திரும்பினார். ஆனால் நூல் அதோடு நின்றால்தானே? மெய்யான பக்தனுக்கு வீடெதற்கு, மனைவி மக்கள் எதற்கு என்று போய்க்கொண்டே இருந்தது. சம்பந்தியம்மாள் இந்த முறை நேரில் வரவில்லை. தொலைபேசியில் குரல் உடைந்திருந்தது.

"இப்ப கல்யாணமே வேணாங்கறார். என்னமோ பந்தமாம். பிள்ளைய அதுல தள்ளமாட்டாராம். நீங்க வந்து பேசுங்க. உங்க பேச்சுன்னா கேப்பார்."

ஞாயிற்றுக்கிழமை அவசியம் குடும்பத்தோடு போனார். கீழே பூட்டிய மருத்துவமனை வாசலில் கன்னம் வீங்கிய மூன்று நான்கு பேர் பரிதாபமாக நின்றிருந்தார்கள். மாடியில், நாற்காலிகளையெல்லாம் துறந்து வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார் பல் மருத்துவர்.

"வாங்க குருவே."

அந்த ஒரு சொல் சுளீரென்று விழுந்தது.

"பன்னெண்டாவது அத்தியாயத்துல, பந்தம்தான் எல்லா நோய்க்கும் வேருங்கறார். தெரிஞ்சே என் பையனுக்கு அந்த நோயக் கொடுக்கலாமா? நீங்கதான் சொல்லணும்."

'அது சொல்லி விளங்கற விஷயம் இல்ல' என்பது அவசியத்தின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் மரியாதை பிழைத்திருக்கும். கல்யாணம் பிழைத்திருக்காது. கதவோரம் மகள் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தாள்.

"சம்பந்தி... நான் அதப் படிக்கல."

"பன்னெண்டாவதா?"

"ரெண்டாவதுலேருந்து."

பல் மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அந்த முத புத்தகம்?"

"அதுவும்தான். எல்லாமேதான். எங்க வீட்டுச் சுவரு முழுக்க அப்படித்தான்."

"அட மனுஷா!" பல் மருத்துவர் எழுந்தே விட்டார். "படிச்ச குடும்பத்துலேருந்து பொண்ணு வருது, பேச்சுவாக்குல ஏதாவது கேட்டா நாம திருதிருன்னு முழிக்கக் கூடாதேன்னு, நோயாளிக்கு ஊசி போட்டு வாய் மரத்துப்போற நேரத்துலகூட படிச்சேன். எனக்குப் பாதி புரியல. புரியலன்னு உங்ககிட்டச் சொல்ல வெக்கம். சரி, இவ்வளவு படிச்சவரே ஒத்துக்கிட்டிருக்கார், நாம யாரு மறுக்கன்னு ஒத்துக்கிட்டேன். காலைல கண்ண மூடி நிக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்குன்னு இருந்தது. அதையும் உங்கள நம்பி விட்டேனே."

தன் பேச்சைக் கேட்டு ஒரு மனிதன் எதையாவது கைவிடுவான் என்று அவசியம் கனவிலும் நினைத்ததில்லை. "மன்னிச்சுடுங்க" என்றார். அவர் பேச்சற்று நின்றதை மனைவி அன்றுதான் பார்த்தாள்.

"சாப்பாடு ஆறுது," என்றார் சம்பந்தியம்மாள்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். யாரும் தட்டைத் தொடவில்லை. பல் மருத்துவர் மெல்லக் கண்ணை மூடினார். நெடுநேரம் மூடியே இருந்தார். திறந்தபோது பழைய முகம் வந்திருந்தது. "கல்யாணத்த நம்ம முறைப்படியே வெச்சுக்கலாம்," என்றார்.

"ஒரு நிபந்தனை இருக்கு," என்று, புத்தகம் பிதுங்கிய அவசியத்தின் தோள்பையைப் பார்த்தார் சம்பந்தியம்மாள். "இனிமே இந்தப் பைய வீட்டுல வெச்சுட்டு வரணும்."

கல்யாணம் பிரார்த்தனையோடு சிறப்பாக நடந்தது. அவசியம் வெறுங்கையோடு வந்து, வெயிலைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனார். அவர் அடங்கிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அடங்காதவர் பல் மருத்துவர். இரண்டு தடித்த புத்தகங்களை முழுசாக முடித்த மனிதரால் சும்மா இருக்க முடியுமா? அவர் நாற்காலியில் சாய்ந்து, வாயைப் பிளந்து, இரண்டு பக்கமும் பஞ்சு அடைத்துக்கொண்டிருப்பவரிடம் குனிந்து, "பிரார்த்தனையோட வரலாறு படிச்சிருக்கீங்களா?" என்று கேட்கிறார். அந்த நிலையில் யாரால் என்ன சொல்ல முடியும்? "ஆ" என்கிறார்கள். "அவசியம் படிங்க" என்கிறார். அடுத்த முறை வரும்போது கேள்வியும் கேட்கிறார். பல்லுக்குப் பயந்தவர்கள் இப்போது பாடத்துக்கும் பயப்படுகிறார்கள்.

பாவம் அந்த நோயாளிகள் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இதன் முதல் பத்தியைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வரவில்லையா? 'இத அவன் அவசியம் படிக்கணும்' என்று கை பரபரக்கவில்லையா? பாதியிலேயே அனுப்பிவிட்டு மீதிக்கு வந்திருக்கிறீர்களா, இல்லை, மீதிக்கு வரவே இல்லையா? எதுவானாலும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். அந்த ஆள் இதைக் கடைசிவரை படித்துவிடக்கூடும்.