இரண்டாயிரத்துப் பதினொன்றின் தண்ணீர்

எங்கள் ஊர் வாய்க்கால் அலுவலகத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்த வைபவத்தை உரிய மரியாதையுடன் பதிவு செய்வது என் கடமை. எந்த ஊர், எந்தத் துறை என்று கேட்காதீர்கள். நான் இங்கேயே குடியிருக்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நெல் போடுகிறவர்களுக்கு இந்த அலுவலகம் முறைச்சீட்டு தரும். சீட்டு இருந்தால்தான் வயலுக்கு மடை திறப்பார்கள்.

பழைய கம்ப்யூட்டர் கோடை இடியில் கருகிப்போனது. புதியதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து, ரிப்பன் வெட்டி, அலுவலர் சுந்தர்ராஜ் பதினெட்டு போட்டோ எடுத்துக்கொண்டார். "நவீனமயமாக்கல் இனிதே நிறைவுற்றது" என்று மேலிடத்துக்கு அறிக்கையும் போனது. அதற்குப் பிறகுதான் அதை ஆன் செய்து பார்த்தார்கள்.

சீட்டு போடும் மென்பொருள் புது சிஸ்டத்தில் ஓட மறுத்தது. சுந்தர்ராஜ் அசரவில்லை. பீரோவில் கிடந்த பழைய டிஸ்க்கை எடுத்து, புதுக் கம்ப்யூட்டரில் பழைய சிஸ்டத்தை ஏற்றும்படி ஆணையிட்டார். ஏற்றினார்கள். மவுஸ் அசையவில்லை. பிரிண்டரை யாரென்றே தெரியாது என்றது. அகலமான திரையின் நடுவே தீப்பெட்டி அளவுக் கட்டத்துக்குள் பொடிப் பொடியாக எழுத்து தெரிந்தது. டிஸ்க்கில் இருந்த விவரமெல்லாம் 2011-ஆம் வருடத்தோடு நின்றிருந்தது. மென்பொருளின் உரிமமும் அந்த டிசம்பரோடு முடிந்திருந்தது. எனவே கம்ப்யூட்டரின் தேதியை 2011 ஜூலைக்கு மாற்றி வைத்தார்கள். அன்று முதல் அலுவலகம் அந்த வருடத்தில் செவ்வனே இயங்கலாயிற்று.

இந்த வருடம், அதாவது வெளியே இருக்கிற வருடம், ஜூலையில் மலைச்சாமி சீட்டு கேட்டுப் போனார். ஒன்றரை ஏக்கர் நிலம். நாற்றுக்கு இருபத்தைந்து நாள் ஆகிவிட்டது. இன்னும் ஒரு வாரத்தில் நடாவிட்டால் முற்றிப்போகும். துணைக்கு நானும் போனேன்.

ஆபரேட்டர் பவானி திரைக்குள் மூக்கை வைத்துப் பார்த்தாள்.

"நெலம் ஒச்சாண்டின்னு ஒருத்தவுக பேர்ல இருக்குண்ணே."

"எங்கய்யாதான் தாயி. பட்டா என் பேருக்கு மாறி எம்புட்டு வருசமாச்சு."

"மெசின்ல மாறலயே. அவுகளயே வந்து ரேகை வைக்கச் சொல்லுங்க."

"அவுக செத்துப்போனாக."

"எப்ப?"

"ரெண்டாயிரத்துப் பதினாறு, தைப்பூசத்துக்கு மறுநா."

சுந்தர்ராஜ் கண்ணாடியைக் கழற்றினார். "அதுக்கு இன்னும் நாலரை வருசம் இருக்கேய்யா. பெத்த தகப்பனப் பத்தி இப்பவே இப்படியா பேசுறது?"

மலைச்சாமி இறப்புச் சான்றிதழை நீட்டினார். அதைச் சுந்தர்ராஜ் விரலால் கூடத் தொடவில்லை. "வருங்காலத் தேதியிட்ட ஆவணம். வாங்க விதியில எடமில்ல."

மூன்றாம் நாள் மலைச்சாமி தன் சித்தப்பா அம்மாவாசியைக் கூட்டிவந்து, "எங்கய்யா" என்றார். அண்ணன் சாயல் கொஞ்சம் இருந்தது. சுந்தர்ராஜ் மகிழ்ச்சியோடு ரேகை வாங்கிக்கொண்டு, "ஒடம்பப் பாத்துக்கங்க பெரியவரே, குறிப்பா பதினாறாம் வருசம் தைப்பூச சமயத்துல" என்று அறிவுரையும் வழங்கினார்.

பிரிண்டர் ஒத்துழைக்காததால் பவானி சீட்டைக் கையால் எழுதினாள். 'இது கணினியால் உருவாக்கப்பட்டது. கையொப்பம் தேவையில்லை' என்பதையும் கையாலேயே எழுதினாள். அதன் கீழே சுந்தர்ராஜ் கையொப்பமிட்டார்.

மடைக்காவலர் சின்னக்கருப்பு சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மச்சான், தேதியப் பாத்தியா? பதினோராம் வருசம்."

"தண்ணிதான் ஓடுதுல்ல. தொறந்து விடுப்பா."

"இது இந்த வருசத்துத் தண்ணி. ஒனக்கு எழுதுனது அந்த வருசத்துத் தண்ணி. அது மலையவிட்டு லோயர் கேம்ப்ல எறங்கி, இந்த வழியா வந்து, வைகை அணைக்குப் போயி பதினாலு வருசமாச்சு. நான் எங்கன போயி புடிச்சுட்டு வாறது?"

கண்ணெதிரே தண்ணீர் போகிறது, நாற்று மஞ்சளாகிறது. அன்றைக்கே உட்கார்ந்து மேலிடத்துக்கு நான்தான் காரசாரமாக மனு எழுதினேன். அதிசயமாக அதை யாரோ படித்துவிட்டார்கள். மறுநாளே மேலதிகாரி ஜெபமணி அம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். ஊரே அலுவலக வாசலில் கூடியது.

"இது என்ன கூத்து? நாளைக்கே புது சிஸ்டம் போட ஆள் அனுப்புறேன். நாளை மறுநாள் இவருக்குத் தண்ணி திறக்கணும்" என்றார் அவர். எல்லோரும் கைதட்டினோம். மலைச்சாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுந்தர்ராஜ் பணிவாக எழுந்தார். "தாராளமாச் செஞ்சிரலாம்மா. பதினோராம் வருசத்துக்குப் பின்னாடி வந்த பேப்பரையெல்லாம் ஏத்தணும். பட்டா மாறுதல், இறப்பு, அப்புறம் வாய்க்கால் கரை ஆக்கிரமிப்புக் கணக்கெடுப்பு. அத ஏத்துனா நோட்டீஸ் தானாவே போயிரும்." ஒரு கட்டைப் பிரித்து நிதானமாக வாசிக்கவும் தொடங்கினார். "விஜய்பாண்டி, வாய்க்காலுக்குள் மோட்டார் குழாய், ரெண்டு. பிச்சையம்மாள், டீக்கடை. மலைச்சாமி, மாட்டுக் கொட்டகை, முப்பதடி..."

கைதட்டல் எப்போது நின்றது என்று தெரியவில்லை. அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனார். அந்தப் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"சார், பழைய சிஸ்டத்துல அப்படி என்ன கொறையக் கண்டுட்டோம்?" என்றேன்.

"பழகுன மெசினு" என்றார் விஜய்பாண்டி.

"எழுத்து சின்னதா, கண்ணுக்குக் குளுமையா இருக்கு" என்றாள் பிச்சையம்மாள்.

ஜெபமணி அம்மா மலைச்சாமியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. உங்களுக்காகத்தான் வந்தேன்."

மலைச்சாமி இறப்புச் சான்றிதழை மடித்து மடியில் செருகிக்கொண்டார். "எங்கய்யா உசுரோட இருக்குறது எனக்குச் சந்தோசந்தானேம்மா" என்றார்.

பழைய சிஸ்டமே தொடர வேண்டி அங்கேயே ஒரு மனு தயாரானது. அதில் இன்றைய தேதி இருந்ததால் சுந்தர்ராஜ் திருப்பித் தந்தார். 2011 என்று திருத்தி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். முதல் கையெழுத்து என்னுடையது.

அடுத்த வாரம் மலைச்சாமி நாற்றை அறுத்து மாடுகளுக்குப் போட்டார். அவை முப்பதடிக் கொட்டகையில் நின்று வயிறாரத் தின்றுவிட்டு, வாய்க்கால் தண்ணீரைச் சீட்டு இல்லாமல் குடித்தன.