பிள்ளையார் வாகனத்துக்கு எஞ்சின் ஆயில்

காஜா பெராங், மலாக்கா
மார்ச் 1958

சிங்கப்பூர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் தம்பி கருணாகரனுக்கு, லாரிப் பட்டறை ஏகாம்பரம் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல். உங்கள் எலிகள் சுகமில்லை என்பதை உங்கள் கடிதத்திலேயே அறிந்துகொண்டோம்.

மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று என் மனைவி அன்னபூரணி கேட்டதால், விவரமாக எழுதும்படி நான்தான் சொன்னேன். இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. எலியின் முதுகைச் சிரைத்து, பழைய எஞ்சின் ஆயிலைத் தடவித் தடவி, புற்றுக்கட்டி வருகிறதா என்று பார்ப்பதாக நீங்கள் எழுதியதை மகள் மல்லிகா பெருமையோடு உரக்கப் படித்தாள். அன்றைக்கென்று சங்கடஹர சதுர்த்தி. அன்னபூரணி பிள்ளையாருக்காகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். "பிள்ளையாரோட வாகனத்துக்குக் கட்டி வர வைக்கிறவனுக்கா எம்பொண்ணு?" என்றாள். "மனுஷங்க நல்லதுக்குத்தாம்மா" என்றாள் மல்லிகா. "அப்போ மனுஷங்க முதுகுல தடவிப் பாக்கச் சொல்லு" என்றாள் இவள். நான் சமாதானமாக, அது வெள்ளை எலி, சீமையிலிருந்து கப்பலில் வந்தது, நம் சாமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றேன். "மெர்டேக்கான்னு சுதந்திரம் வாங்கியும் இன்னும் வெள்ளைக்காரனுக்குத்தான் பரிஞ்சு பேசுறீங்க" என்றாள். அன்று எனக்கும் சோறு இல்லை.

சொல்லப்போனால் உங்கள் ஆராய்ச்சியில் எனக்கும் நம்பிக்கையில்லை. ஜப்பான்காரன் காலத்திலிருந்து முழங்கைவரை இதே ஆயிலில் ஊறிக்கொண்டிருக்கிறேன். மூட்டு வலிக்கும் அதையே தேய்க்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எலிக்குத் தாங்கவில்லை என்றால் அது எலியின் குறை.

ஆகவே இந்தச் சம்பந்தத்தை இத்துடன் நிறுத்திக்கொள்வோம். மல்லிகா அழுதுகொண்டே இருக்கிறாள். அதைப் பார்க்க எனக்கும் வேதனையாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் சமைப்பவள் அன்னபூரணி. தம் கோபம் தணிந்த பிறகு பிள்ளையாரே உங்களுக்கு வேறு நல்ல இடம் காட்டுவாராக.

இப்படிக்கு,
ஏகாம்பரம்

பின்குறிப்பு: என் வலது கையில், ஆயில் வழியும் இடத்தில், மரு ஒன்று இருக்கிறது. போன தீபாவளிக்கு வந்தது, இப்போது ரத்தம் கசிகிறது. வீட்டில் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது, தம்பி. எலிகளுக்கும் முதலில் இப்படித்தான் வருமா? உடனே புறப்பட்டு வந்து பார்க்கவும். காரணமில்லாமல் வந்தால் அன்னபூரணி சந்தேகப்படுவாள். அதனால் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு, பரிசத் தட்டோடு வாருங்கள்.