தொட்டிலைத் தொடக் கூடாது

குக்கர் மூடியைத் தூக்கிக்கொண்டு கேக் மாவு வெளியே வந்துகொண்டிருந்தது. சந்தியாகு கரண்டியால் ஒரு பக்கம் உள்ளே தள்ளினார். அது மறுபக்கம் வழிந்து அடுப்பையே அணைத்துவிட்டது.

"ஜெப்ரி, சோடா மாவு எத்தனை ஸ்பூன்னு படிச்சே?"

"நாலுங்கப்பா." பத்து வயது மகன் அம்மாவின் சமையல் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "அம்மா அப்படித்தான் எழுதியிருக்காங்க."

எழுதியிருந்தால் சரிதான். அருள்செல்வி எழுதியதை மறுத்துப் பேசி சந்தியாகுவுக்குப் பழக்கமில்லை. கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிற மனிதர், பம்ப்செட் ஷாஃப்டை மயிரிழை பிசகாமல் கடைந்து கொடுப்பார். ஆனால் கண்ணாடி இல்லாவிட்டால் எழுத்தும் எறும்பும் அவருக்கு ஒன்றுதான். அந்தக் கண்ணாடியைக் காலையிலிருந்து காணோம். அலமாரி, கட்டிலடி, பட்டறை எல்லாம் தேடியாகிவிட்டது. கிறிஸ்துமஸ் குடில் பக்கம் போனபோது ஐந்து வயது லின்சி குறுக்கே வந்து நின்றாள்.

"தொட்டிலைத் தொடாதீங்கப்பா. பாலன் இன்னும் பொறக்கல."

அதுவும் நியாயம்தான். இருபத்துநாலாம் தேதி ராத்திரி குழந்தை இயேசுவைக் கிடத்தும்வரை வைக்கோல் தொட்டில் காலியாகத்தான் இருக்க வேண்டும். வீட்டு வழக்கம் அது. சந்தியாகு கையை எடுத்துக்கொண்டார்.

இன்று நான்கு மணிக்குக் குவைத்தில் நர்ஸாக இருக்கும் அருள்செல்வி வீடியோவில் வருவாள். போன வாரமே சொல்லியிருந்தாள்.

"ஏனுங்க, இங்க வார்டு இன்சார்ஜ் போஸ்ட் தரேங்கறாங்க. ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடோணும். நானில்லாம புள்ளைங்களுக்குக் கிறிஸ்துமஸ் கொண்டாடிருவீங்களா? சனிக்கிழமை கேக்கையும் ஸ்டாரையும் காட்டுங்க. அப்புறம் முடிவு பண்றேன். முடியாதுன்னா ஊட்டுக்கே வந்தர்றேன்."

"அதெல்லாம் ஊதித் தள்ளிருவேன் கண்ணு. நீ தைரியமாப் போடு."

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். வந்துவிடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவள் ஆசைப்பட்ட வேலைக்குத் தான் குறுக்கே நிற்கக் கூடாது என்று வந்த வீறாப்பு அது. அவள் போய் ஒன்றரை வருடம். இன்றும் வாசலில் ஆட்டோ நின்றால் எட்டிப் பார்க்கிறார். அவள் தலையணைக்கு அவரே உறை மாற்றுகிறார். இதையெல்லாம் போனில் சொல்ல முடியுமா?

குக்கரைக் கழுவி இரண்டாவது கேக்கைத் தொடங்கினார். குக்கர் அடியில் பரப்பும் உப்பு முதல் கேக்கோடு போய்விட்டது.

"நோட்டுல உப்பில்லாட்டி மணல்னு போட்டிருக்குங்கப்பா."

மணலுக்கா பஞ்சம்? பக்கத்து வார்ப்படப் பட்டறையில் மலைபோலக் கிடக்கிறது. ஒரு சட்டி அள்ளி வந்தார். அது அச்சு வார்க்கிற மணல், நிலக்கரித் தூள் கலந்தது என்பது புகை வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அடுத்த வீட்டுப் பங்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். தட்டில் இருந்ததைத் தட்டிப் பார்த்தார். ணங் என்றது.

"ஏனுங்க சந்தியாகு, இது கேக்குங்களா, பம்ப்செட் பார்ட்டுங்களா?"

"ரெண்டுக்கும் நடுவுலீங்க."

சரி, நட்சத்திரமாவது மானத்தைக் காப்பாற்றும் என்று மாடிக்கு ஏறினார். அருள்செல்வி மூங்கில் குச்சியும் கலர் பேப்பரும் வைத்துக் கட்டுவாள். அது காற்றில் ஒடிந்துவிடும், இரும்பில் செய்யுங்கள் என்று ஜெப்ரி சொன்னதைக் கேட்டு இவர் கம்பியை வெல்டிங் வைத்திருந்தார். பதினாலு கிலோ. கொக்கியில் மாட்டினார், கொக்கி பெயர்ந்தது. தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கட்டினார், குழாய் முறிந்தது. தொட்டித் தண்ணீர் முழுவதும் பங்காரம்மா காயப்போட்டிருந்த மிளகாயின்மேல் இறங்கியது.

"நட்சத்திரம் வழி காட்டும்னு சொல்வாங்க. உங்களது வாய்க்கா வெட்டுதுங்க." பங்காரம்மா மிளகாயை அள்ளிக்கொண்டே சொன்னார். "பேசாம பேக்கரில வாங்கியாந்து காட்டிப்போடுங்க. போன்ல வாசமா வரப்போவுது?"

மூன்றே முக்காலுக்குப் பேக்கரி கேக் மேசைக்கு வந்தது. கடை நட்சத்திரம் ஜன்னலில் தொங்கியது. சந்தியாகு கையில் கொஞ்சம் மைதாவைப் பூசிக்கொண்டார். ஜெப்ரி கேக்கைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டான். பையனுக்குப் பசி என்று சந்தியாகு நினைத்தார்.

அருள்செல்வி வந்தாள். யூனிபார்ம் மாற்றவில்லை, கண்ணுக்குக் கீழே கருப்பு. கேக்கை வெகுநேரம் பார்த்தாள்.

"நீங்களே செஞ்சீங்களா?"

"பின்ன? ஜெப்ரி படிச்சான், நான் செஞ்சுபோட்டேன்."

"என்னுதவிட அழகா வந்திருக்குதுங்க." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அப்ப நானில்லாமயே எல்லாம் ஆவுது. சரிங்க, திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டர்றேன்."

சந்தியாகுவுக்கு வந்துரு கண்ணு என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "போடு கண்ணு," என்று சொல்லித் தொலைத்தார்.

மேசைக்கடியிலிருந்து லின்சி எழுந்து போனுக்குள் முகத்தை நீட்டினாள்.

"அம்மா, அது கடைக் கேக்குங்க, அப்பாது நல்லா வந்துட்டா நீங்க வரமாட்டீங்கன்னு, அண்ணன் அவரு கண்ணாடியப் பாலன் தொட்டில்ல ஒளிச்சுவெச்சுட்டு, நீங்க ஒண்ணுன்னு எழுதினதெல்லாம் நாலு நாலுன்னு படிச்சான்."